பதினோராம் கேள்வியும் பின்னேரப் படகும்

நெடுந்தீவில் அப்போது யாரும் கடிகாரத்தைப் பெரிதாகப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. காலைப் படகு, பின்னேரப் படகு, அவ்வளவுதான் நாள். பல்லுப் பிடுங்குவதானாலும் கலியாணப் பேச்சானாலும், அக்கரையில் என்ன அலுவல் என்றாலும் பின்னேரப் படகுக்கு முன் முடித்துவிட வேண்டும். தவறவிட்டால் குறிகட்டுவான் துறையில் விடியும்வரை நுளம்புக்குச் சாப்பாடாக வேண்டியதுதான்.

எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் அந்தத் தீவின் அரசாங்கக் கந்தோருக்கு என்னை லிகிதராகப் போட்டார்கள். சரவணையில் வளர்ந்த எனக்கு அது நாடு கடத்தல் மாதிரி இருந்தது. இருபத்துநாலு வயது, முகத்தில் எந்நேரமும் ஒரு கடுகடுப்பு. சனங்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் ஊர்க்கதை சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் மோசம். அன்று பின்னேரப் படகில் நான் வீட்டுக்குப் போவேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அவர் வந்தார். பயணிகள் படகில் கயிறு பிடிப்பதும் எஞ்சின் பார்ப்பதுமாகப் பத்து வருடம் வேலை செய்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். படகைச் செலுத்துகிற தண்டையலுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அடுத்த தண்டையலாக இவரைப் போடப் படகுச் சொந்தக்காரர் சம்மதித்திருந்தார். ஆனால் அதற்கு லைசன்ஸ் வேண்டும். கடலைக் குழப்புகிற சோளகக்காற்று தொடங்குவதற்குள் லைசன்ஸ் வராவிட்டால் மண்டைதீவில் இருந்து வேறு ஆளைக் கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டார்.

படிவத்தைக் கடகடவென்று நிரப்பிக்கொண்டு போனேன். பதினோராவது கேள்விக்கு வந்ததும், வழக்கம்போல மறுமொழிக்குக் காத்திராமல் 'இல்லை' என்று எழுதப் பேனையை வைத்தேன். எதற்கும் வாசித்துக் காட்டுவோம் என்று வாசித்தேன். "நீர் எப்போதாவது ஏதேனும் குற்றத்திற்காக நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீரா?"

"ஓம்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். "சைக்கிளுக்கு லைற் இல்லாமல் போனதோ?"

"இல்லைத் தங்கச்சி. மாட்டுக் களவு."

சொன்ன மாதிரியில் வெட்கமும் இல்லை, வீறாப்பும் இல்லை. பிறகு கதையைச் சொன்னார். அங்கே மாடுகள் வெளியில் தன்பாட்டில் மேயும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. எந்தப் பசுவுக்குப் பின்னால் கன்று வருகிறதோ, அந்தப் பசுக்காரர் தன் குறியைச் சுடுவார். இவருடைய பசுவுக்குப் பின்னால் ஒரு கன்று வந்திருக்கிறது, இவரும் குறி சுட்டிருக்கிறார். கன்றின் உண்மையான தாய் வேறொருவருடையது. அது எங்கோ செத்துப்போக, கன்று பால் தேடி இந்தப் பசுவுடன் ஒட்டிக்கொண்டது பிறகுதான் தெரிந்ததாம். தாய்ப்பசுவின் சொந்தக்காரர் பொலிசுக்குப் போய்விட்டார்.

"அப்ப அதைக் கோட்டில சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"சொல்லத்தான் போனனான். ஊர்காவற்றுறைக் கோட்டுக்கு ரெண்டு தரம் போயும் வழக்கைத் தள்ளித் தவணை போட்டிட்டினம். ரெண்டு தரமும் படகு போயிட்டுது, துறையிலதான் படுத்தனான். மூண்டாந்தரம் எனக்காகப் பேச வந்த பிரக்கிராசி சொன்னார், குற்றவாளி எண்டு ஒத்துக்கொண்டால் குற்றக்காசோட விட்டிடுவினம், பின்னேரப் படகைப் பிடிக்கலாம் எண்டு. ஓமெண்டிட்டு ஓடி வந்து படகைப் பிடிச்சனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது; சிரிக்கவும் முடியவில்லை. வழக்குக்குப் போகிறவர்கள் "ஓமெண்டிட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு போவதை அந்த ஊரில் பலதரம் கேட்டிருக்கிறேன். அது ஏதோ பகிடி என்றுதான் நினைத்திருந்தேன். பாதித் தீவு இப்படிச் செய்யாத குற்றத்துக்கு ஓமென்று சொல்லிவிட்டுப் படகேறி வந்திருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

"அண்ணை, ஆர் இதைத் தேடிப் பார்க்கப் போகினம்? 'இல்லை' எண்டு எழுதுறன்."

"வேண்டாம். அண்டைக்கு ஓமெண்டு சொன்னதே பொய். இப்ப இல்லை எண்டு சொன்னால் அதுவும் பொய். ஒரு கண்டுக்குட்டிக்கு எத்தனை பொய் சொல்லுறது?"

அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் உண்மையான மரியாதை வந்தது. சரி, 'ஆம்' என்றே எழுதுகிறேன், நடந்ததையெல்லாம் விளக்கமாகத் தனித்தாளில் எழுதி உங்கள் கையெழுத்துடன் இணைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்து வைத்தார். படகை ஆயத்தம் செய்யப் போகவேண்டும் என்று எழுந்தார். கதவடியில் திரும்பி, "வடிவா எழுதுங்கோ தங்கச்சி, கையெழுத்துக்கு மேல எனக்கு எழுதத் தெரியாது" என்றார்.

அதன்பிறகு இரண்டு பேர் பிறப்புச் சான்றிதழுக்கு வந்தார்கள். மேலதிகாரி ஒரு கோப்பைத் தேடச் சொன்னார். தபால் பையைக் கட்டுகிற நேரமும் வந்துவிட்டது. மறுநாள் வீட்டில் ஒடியற்கூழ். அம்மா நண்டுக்குச் சொல்லி வைத்திருந்தா. நான் அந்த வெற்றுத்தாளைப் பார்த்தேன், மணியைப் பார்த்தேன். படிவத்தில் பதினோராம் கேள்விக்கு நேரே ஒரு விரலகல இடம் இருந்தது. அதில் 'ஆம். மாட்டுக் களவு' என்று எழுதினேன். முத்திரை குத்திப் படிவத்தைப் பையில் போட்டுவிட்டு, கைப்பையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினேன். விளக்கத்தைத் திங்கட்கிழமை தனியாக அனுப்பலாம் என்று வழியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படகு இன்னும் கட்டித்தான் கிடந்தது. மூச்சிரைக்க ஏறினேன். அவர் என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

திங்கட்கிழமை நான் எழுதவில்லை. செவ்வாயும் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அவருடைய கையெழுத்துடன் அந்தத் தாள் என் மேசை லாச்சியில் கிடந்தது. லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் வேறு தாளை அதன்மேல் வைத்தேன்.

ஒன்றரை மாதத்தில் மறுமொழி வந்தது. விண்ணப்பகாரரின் கடந்தகால நடத்தை திருப்திகரமாக இல்லாதபடியால் அனுமதிப்பத்திரம் வழங்க ஏலாது என்று ஒரே ஒரு வரி. நான்தான் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "ஓம், அப்பிடித்தான் வரும் எண்டு நினைச்சனான்" என்று சொல்லிக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே மூன்று பக்கத்துக்கு மேன்முறையீடு எழுதி அனுப்பினேன். அதற்கு மறுமொழியே வரவில்லை.

சோளகம் தொடங்கியதும் மண்டைதீவிலிருந்து புதிய தண்டையல் வந்தார். நல்ல மனுசன். அவருடைய லைசன்ஸ் கண்ணாடி போட்ட சட்டத்தில் படகுக்குள் தொங்கியது. ஆனால் நெடுந்தீவுத் துறையடியில் தண்ணீருக்குள் கற்பார் எங்கே இருக்கிறது, அலை எந்தப் பக்கம் புரளும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. முதல் பெருங்காற்றிலேயே, "அண்ணை, நீங்கள் பிடியுங்கோ" என்று இவரிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து தன் லைசன்ஸுக்குக் கீழே உட்கார்ந்தார். அதன்பின் காற்று என்றால் இவர்தான் ஓட்டினார். சம்பளம் அவருக்கு, சுக்கான் இவருக்கு. எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லாம் கீழே தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். நான் காற்றுக்காக மேலே வந்து சுக்கானுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒவ்வொரு அலைக்கும் படகை மெதுவாக விட்டுக்கொடுத்துத் திருப்பினார். இந்த மனுசனுக்கு நான் செய்ததை இதற்குமேல் மனதுக்குள் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

"அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு அந்த விளக்கத்தை நான் எழுதேல்லை. மாட்டுக் களவு எண்டு மட்டும் எழுதிப்போட்டு, படகு போயிடும் எண்டு ஓடி வந்திட்டன்."

அவர் சுக்கானைத் திருப்பினார். ஒரு அலை வந்து போனது. இன்னொன்று வந்தது.

"அண்டைக்கோ?" என்றார், கடலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அண்டைக்கு நீங்கள் வருமட்டும் நான் கயிறு அவிழ்க்கேல்லையே. பழைய தண்டையல் ரெண்டு தரம் சத்தம் போட்டவர். தங்கச்சி அங்கை என்ரை கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறா, ஆறுதலா முடிச்சிட்டு வரட்டும் எண்டு சொல்லிப் படகைப் பிடிச்சு வைச்சிருந்தனான்."

அன்று படகில் ஏறி உட்கார்ந்தபோது, நல்லவேளை பிடித்துவிட்டேன் என்று நான் சந்தோஷப்பட்டது எனக்கு ஞாபகம் வந்தது.