அத்தை வீட்டை ஏலம் விட்ட நாள்

ஏலம் விட்ட அதிகாரியே, நீங்கள் மேடையில் சொன்னது பொய். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்தபோது, ஊரே அடைந்து கிடந்த நாட்களிலும் அலுவலகத்தைப் பூட்டாமல் கடமையைச் செய்ததாகக் கள்ளக்குறிச்சியில் மாலை போட்டுக்கொண்டு பேசினீர்கள். கை தட்டினார்கள். அந்தக் கடமைகளில் ஒன்று என் அத்தை வீட்டை விற்றது. அத்தைக்குப் பதிலாக அன்று உங்கள் முன்னால் வந்து நின்றவன் நான்.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை ஆரம்பிக்கும் இடத்தில் அந்த வீடு இருந்தது. கிணறு வெட்ட மாமா உங்கள் வங்கியில் வீட்டை அடமானம் வைத்தார். கிணற்றில் பாறைதான் வந்தது. அவர் செத்த பிறகு தவணை நின்றுபோனது. அத்தை அணைப் பாசனத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டாள். அதை வெட்டினால் கடனை அடைத்துவிடலாம் என்று இருந்தாள். அந்தக் கரும்பு வேலைக்காகத்தான் நான் களமருதூரிலிருந்து வந்து அவளோடு தங்கியிருந்தேன்.

நீங்கள் தமுக்கு அடித்துக்கொண்டு இரண்டு முறை வந்தீர்கள். அந்த ஊரில் ஒருவன் வீடு ஏலத்துக்கு வந்தால் இன்னொருவன் ஏலம் கேட்டு வாய் திறக்க மாட்டான். வாசலில் ஊரே நிற்கும், ஒரு குரல் வராது. நீங்கள் தொகையைச் சொல்லிச் சொல்லிக் கத்தினீர்கள்.

"சாருக்குத் தொண்ட காஞ்சிபூட்ச்சி, யாருனா மோர் குடுங்கடா" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கேட்க ஆளில்லை என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினீர்கள். ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கும்வரை வீடு போகாது என்று அத்தை நம்பினாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மூன்றாவது ஏலத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் உங்கள் ஆள் சைக்கிளில் வந்தான். "நாளிக்கு ஏலம் இங்க இல்லீங்க, ஆபீஸ்ல. மறியல் நடக்குதே, சாருக்குப் பாதுகாப்பு வோணும்ல" என்றான்.

விடிந்ததும் அத்தை மாடு விற்ற பணத்தை என் இடுப்பில் கட்டிவிட்டாள். "நீ போ தம்பி. நான் வந்தா பூட்டிக்கெடக்கற வூட்டுக்கு சீல் வச்சிடுவானுங்க. இத கட்டிட்டு, மீதிக்குக் கரும்பு வெட்டற வரிக்கும் டயம் கேளு."

வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். முதல் மரத்திலேயே மறியல்காரர்கள் நிறுத்தினார்கள். "இன்னா, எங்க கெளம்பிட்ட?"

"அத்த வூட்ட ஏலம் வுடறாங்கண்ணா."

"நாம ரோட்டுல கெடக்கறோம், அவன் ஏலம் வுட்டுக்கினு இருக்கானா? தூக்குங்கடா இவன் சைக்கிள!" மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் வந்த மரங்களில் நானே தோளில் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டேன். கிளை கிழித்துச் சட்டையெல்லாம் ரத்தம். நீங்கள் தலை நிமிரவில்லை.

"முடிஞ்சிபோச்சுப்பா."

"இன்னும் நேரமே ஆவலியே சார்?"

"கலவர நாள்ல கடிகாரம் பாத்துக்கினா இருப்பாங்க?"

பணத்தை மேசைமேல் வைத்தேன். பேனா மூடியால் தள்ளிவிட்டீர்கள்.

பெஞ்சில் ஒரு வெளியூர்க்காரன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். நானும் வீடு வாங்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டான். "லேட்டா வந்துட்டியேப்பா. எடம் மாறும்னு சார் போன வாரமே சொல்லிட்டாரே. அதான் நான் முந்தாநேத்தே வந்து லாட்ஜுல தங்கிட்டேன்" என்றான். நீங்கள் அவனை முறைத்தீர்கள். அவன் வாயை மூடிக்கொண்டான். அதற்குள் என் காதில் விழுந்துவிட்டது.

அத்தை அதன்பிறகு களமருதூரில் எங்களோடு இருந்தாள். சாகும்வரை "உங்க வூடு" என்றுதான் சொன்னாள். பசித்தாலும் தானாக அடுப்பங்கரைக்குள் போக மாட்டாள். அம்மா கூப்பிட வேண்டும். கூப்பிட மறந்த நாளில் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

மறியல் செய்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் ரோட்டில் மரத்தைப் போட்டார்கள். அந்த மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வீட்டை விற்றது நீங்கள். எங்களுக்கு முந்தின சாயங்காலம் தெரிந்த சேதி அந்த வெளியூர்க்காரனுக்கு ஒரு வாரம் முன்பே எப்படித் தெரிந்தது? சமாதானம் பேச என்னிடம் ஆள் அனுப்ப வேண்டாம். தனியாகச் சொல்லும் பதில் எனக்குத் தேவையில்லை. அந்த வீட்டு வாசலுக்கு வாருங்கள். ஊர் கேட்கச் சொல்லுங்கள்.