ஆறாவது சீட்டு

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அம்மாவுக்காக நான் ஒரு பொய் எழுதினேன். அம்மா அதை எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தாள். அந்தக் கோபம் எனக்குத் தணிய வெகுகாலம் ஆயிற்று.

தென்னூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அம்மா பொறுப்பாளர். அவளுக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்த்தார்கள். அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால், சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மாவோடு நானும் பஸ் ஏறிவிடுவேன். ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

அந்த மாதம் அங்கே ஒரு விபரீதம் நடக்கப் பார்த்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்த இரண்டு நோயாளிகளின் ரத்தக் குழாய்களில் யாரோ லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்கள். முடிவைப் பார்த்த டாக்டருக்குச் சந்தேகம் வந்து மறுபடி எடுக்கச் சொன்னதால், தேவையில்லாதவருக்கு ரத்தம் ஏற்றாமல் தப்பியது. யார் செய்தது என்று அம்மா கேட்டாள். ஆறு பேரும் “நான் இல்லை மேடம்” என்றார்கள்.

தப்பு நடந்ததைவிட அந்த ஆறு பதில்கள்தான் அம்மாவை அதிகம் உறுத்தியிருக்க வேண்டும். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னாள். வேலையில் ஒரு தப்பு செய்துவிட்டால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? பெயர் போட வேண்டாம். சீட்டுகளை ஒரு கவரில் போட்டு ஒட்டி வைத்து, மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் பிரிப்பதாகவும், அதுவரை தானும் பார்க்கப் போவதில்லை என்றும் வாக்குக் கொடுத்தாள்.

அன்று மாலை கவர் அம்மாவின் கைப்பையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவள் குளிக்கப் போனபோது நான் எடுத்துப் பார்த்தேன். கோந்து சரியாகக் காயவில்லை. இழுத்ததும் வந்துவிட்டது.

ஐந்து சீட்டுகளில் ரத்தம் எடுக்கும் ஜெயராஜ் அண்ணன் பெயரும் மற்றவர்கள் பெயரும் இருந்தன. அம்மாவை ஒருவர்கூட எழுதவில்லை. ஆறாவதில், “யாரிடமும் சொல்ல மாட்டேன். மேடத்திடம் கண்டிப்பாக மாட்டேன்” என்று இருந்தது.

இதை அம்மா எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படிக்கப் போகிறாள்; அதை நடக்கவிடக் கூடாது என்று நினைத்தேன். அந்தச் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே போட்டேன். என் நோட்டிலிருந்து ஒரு துண்டுத் தாளைக் கிழித்து, எழுத்தைச் சாய்த்துச் சாய்த்து, “மேடத்திடம்தான் சொல்வேன். அவங்க ரொம்ப நல்லவங்க” என்று எழுதி உள்ளே வைத்து ஒட்டினேன். மற்ற சீட்டுகள் வெள்ளைத் தாள், என்னுடையது கோடு போட்ட தாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் அம்மா கவரைப் பிரித்தாள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள், கடைசியாக இருந்த என் சீட்டையும் படித்துவிட்டு நின்றாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குள் ஓர் அக்கா எழுந்துவிட்டாள். உப்பிலியபுரத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள், அங்கே எல்லோரையும்விடச் சின்னவள்.

“மேடம், நான் எழுதினது இதுல இல்லீங்க” என்றாள். “மாத்தியிருக்காங்க.”

எல்லோர் பார்வையும் அம்மா மேல். மாற்றியது அம்மாதான் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பது எனக்கே புரிந்தது. தெரியவில்லை என்று அம்மா சொல்லியிருக்கலாம். வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

“இது என் பொண்ணு எழுத்து” என்றாள் அம்மா. “ஆனா தப்பு என்னோடது. கவரை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கவே கூடாது. யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னேன், அந்த வார்த்தையைக் காப்பாத்தல. மன்னிச்சிடுங்க.” பிறகு அந்த அக்காவிடம், “நீ என்ன எழுதினேன்னு நான் கேக்க மாட்டேம்மா” என்றாள்.

எனக்கு முகம் எரிந்தது. நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவளுக்காக நான் செய்ததை அவளே காட்டிக் கொடுத்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில், அழுதுகொண்டே, “அந்தச் சீட்டுல என்ன இருந்துச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். “சொல்லாத. அது நமக்கு எழுதினதில்ல.” காவிரிப் பாலம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரம் கழிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை அந்த அக்கா கையில் ஒரு ரத்தக் குழாயோடு வந்து நின்றாள்.

“மேடம், இதுல லேபிள் மாத்தி ஒட்டிட்டேனோன்னு சந்தேகமா இருக்குங்க.” கொஞ்சம் நிறுத்தி, “அன்னைக்கு ரெண்டு பேருக்கு லேபிள் மாத்தி ஒட்டினதும் நான்தாங்க” என்றாள்.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்றைக்கு அவளுக்குச் சரியான திட்டு இருக்கிறது என்று ஆவலோடு காத்திருந்தேன்.

அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “நல்லவேளை, இப்பவே சொன்னே. வா, ரெண்டு பேருமா போய் மறுபடி எடுத்துட்டு வரலாம்.” அக்காவின் தோளில் கை போட்டபடி வார்டுப் பக்கம் நடந்தாள். அம்மாவின் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவை நல்லவள் என்று எழுதிய எனக்கு அவமானம்; இரண்டு முறை தப்பு செய்தவளுக்குத் தோளில் கை. இது என்ன நியாயம் என்று பொருமியபடி, ஆளில்லாத அறையில் நான் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.