சுண்டல் தண்ணீரில் நுரைத்த ஜின்

செய்தி வந்தபோது நான் நூல் கடையில் ஒரு தறிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மகள் கோமதி மதுரையிலிருந்து பேசினாள். "அப்பா, மாமா போயிட்டாங்கப்பா." என் கடைக்கும் அவள் மாமனார் ஞானதுரையின் கடைக்கும் நடுவில் ஒரு பஸ் ஸ்டாண்டுதான் இருக்கிறது. ஆனாலும் செய்தி மதுரைக்குப் போய்விட்டுத்தான் என்னிடம் வந்தது. மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். சண்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர், எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். வாலிபத்தில் கப்பலில் மது கலந்து கொடுக்கும் பார் வேலை பார்த்தவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். எனக்குச் சம்பந்தி. இங்கே நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. அவரைப் பற்றிப் பேச வாயைத் திறந்தாலே எனக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வரும். இன்றைக்கும் அப்படித்தான் வருகிறது, என்ன செய்ய?

அவர் மகன் சாமும் என் மகளும் சென்னையில் வேலை பார்த்த இடத்தில் ஒருவருக்கொருவர் பிடித்துப்போனவர்கள். நாங்கள் சைவம். அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். என் மனைவி பார்வதி ரொம்ப யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னாள். "கல்யாணத்தப் பண்ணி வைங்க. ஆனா அந்த வீட்டு ஆளுக கையால நான் கை நனைக்க மாட்டேன்." சம்பந்தம் பேசி முடிகிறவரை எதிர்த்தரப்பு வீட்டில் சாப்பிடாமல் இருப்பது, அதாவது கை நனைக்காமல் இருப்பது, நம் பக்கத்து வழக்கம். இவளோ முடிந்த பிறகும் நனைக்க மாட்டேன் என்கிறாள்! கோமதி அழவில்லை. "அப்படின்னா நாங்க ரெஜிஸ்டர் பண்ணிட்டுப் போயிருதோம். இங்க வர மாட்டேம்மா" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். அந்தப் பிடிவாதம் அம்மாவிடமிருந்து வந்ததுதான், யாரைக் குறை சொல்வது?

நிலைமை இப்படி இருக்கும்போது நான் மட்டும் அவர் வீட்டுக்குப் பேசப் போனேன். சாப்பிட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஞானதுரை சிரித்தார். "சாப்பிட வேண்டாம் அண்ணாச்சி. ஜின் குடிங்க. கிளாஸப் பிடிச்சா கை நனையவா போகுது?" மாதத்துக்கு ஒருமுறை, மனைவிக்குத் தெரிந்தும் தெரியாமலும், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. "எதுல செஞ்சது?" என்று மட்டும் கேட்டேன். "தானியத்துல. சுத்த சைவம்."

உள்ளே போய்க் குலுக்குகிற சத்தம் கேட்டது. வெளியே வந்த கிளாஸில் மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நுரை. புளியங்குடி எலுமிச்சம்பழத்தின் வாசம். ஒரு வாய் குடித்தேன். ஐயோ, அப்படி ஒரு பதத்தை நாக்கு அதுவரை கண்டதில்லை! பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. மீசையெல்லாம் நுரை. அப்போது அவர் மனைவி எஸ்தர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, மிச்ச மஞ்சக்கருவ என்ன செய்ய? ஆம்லேட் போடவா?" என்றார்.

நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மீசையை அழுந்தத் துடைத்தேன். ஞானதுரையின் முகம் செத்துவிட்டது. ஜின் சைவம்தானா என்று யோசித்தவர், அதில் அடித்து ஊற்றிய முட்டையை மறந்தே போயிருந்தார். கப்பலில் பழகிய கை, தன்னால் உடைத்து ஊற்றிவிட்டது. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கினேன். பின்னால் எஸ்தரின் குரல் கேட்டது. "சாராயத்துக்குக் கோவப்படல, முட்டைக்கா இம்புட்டுக் கோவம்?" அவர் கேட்டது நியாயம்தான்.

சம்பந்தம் முறிந்தது என்றுதான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்புவார் என்று பார்த்தால், அவரே போன் பண்ணினார். "அண்ணாச்சி, முட்டையில்லாம அதே நுரைய வரவைக்கேன். அதுவரைக்கும் முடிவு சொல்லிராதீங்க." எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. பாலாடையை ஊற்றினாராம், எலுமிச்சை பட்டதும் திரிந்துபோனது. வெண்டைக்காயை ஊறவைத்தாராம், நூல் நூலாக இழுத்தது. பூந்திக்கொட்டையில் நுரை அமோகமாக வந்ததாம். குடிக்கப் போனவர் கையிலிருந்து எஸ்தர் பிடுங்கி, "அது நகை கழுவுறது, குடல் கழுவுறதில்ல" என்று சாக்கடையில் கொட்டினாராம். "இதெல்லாம் எதுக்குய்யா?" என்று கேட்டேன். "பிள்ளைக எங்க போனாலும் சேந்து இருந்துக்கிடும் அண்ணாச்சி. பெரியாளுக நாமதான் ஆளுக்கொரு பக்கமா நிப்போம்" என்றார்.

நவராத்திரி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரும் எஸ்தரும் கொலு பார்க்க வந்தார்கள். பார்வதி மரியாதைக்கு வாங்க என்றாள், அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அடுக்களையில் கொண்டைக்கடலை வெந்து முடித்திருந்தது. அவள் வடிக்கப் போனாள். கூடத்திலிருந்த ஞானதுரை அடுக்களை வாசல்வரை பாய்ந்தார்.

"மதினி! அந்தத் தண்ணியக் கீழ ஊத்திராதீங்க!"

பார்வதி பயந்தே போனாள். "என்ன அண்ணாச்சி, பல்லி கில்லி விழுந்துட்டா?"

"இல்ல மதினி. ஓரத்துல நுரை எப்படி நிக்கி பாத்தியளா? உப்புப் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

முட்டைக்கு மாற்றாகத் தேடிய நுரை கண்ணெதிரே நின்றதும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. எலுமிச்சம்பழம் கேட்டார், சீனி கேட்டார், எங்கள் எவர்சில்வர் தூக்குவாளியைக் கேட்டார். ஜின்னெல்லாம் கிடையாது, கொலு வைத்த வீடு. அவர் என்னிடம் எப்போதும் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: "ரெண்டு குலுக்கு வேணும் அண்ணாச்சி. ஐஸ் இல்லாம ஒண்ணு, ஐஸோட ஒண்ணு. முதல்ல ஒட்ட வைக்கணும், பொறவுதான் குளிர வைக்கணும்." அன்றைக்கு இருந்த அவசரத்தில் கடலைத் தண்ணீரை ஆற வைக்கவே மறந்துவிட்டார். சுடச்சுட ஊற்றி, மூடி, கூடத்துக்கு வந்து கொலுவின் முன்னால் நின்று தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கினார். சூட்டில் மூடி பட்டென்று பறந்தது! நுரை கொலுவின் கீழ்ப்படியில், செட்டியார் பொம்மையின் தொந்தியில், எஸ்தரின் சேலையில். மூடியைப் பிடிக்கப் போன பார்வதியின் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும்.

பார்வதி கைகளைப் பார்த்தாள். ஒரு விரலை நாக்கில் வைத்தாள். இன்னொரு முறையும் வைத்தாள். அப்புறம், கோமதி விஷயம் வந்ததிலிருந்து நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன்: அவள் சிரித்தாள். "என்ன அண்ணாச்சி, என் கைய நனைச்சிட்டீயளே!"

"அப்போ பேசி முடிச்சாச்சு மதினி!" என்று ஞானதுரை போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். எஸ்தர் அழுதுகொண்டே செட்டியார் பொம்மையைத் துடைத்தார். நான் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன், கோமதியிடம் சொல்ல.

நவராத்திரி கழிந்து அவர் வீட்டு மாடியில், ஆற வைத்த கடலைத் தண்ணீரில் ஜின் ஊற்றிக் கொடுத்தார். அதே நுரை. அதே வழுக்கல். கல்யாணத்துக்குப் பிறகும் எத்தனையோ தடவை. ஒவ்வொரு தடவையும் முதல் வாய் நான் குடித்து, தலையை ஆட்டுகிறவரை தன் கிளாஸைத் தொட மாட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு, அவர் நினைவாக எனக்கு என்ன வேண்டும் என்று எஸ்தர் கேட்டார். குலுக்குகிற குவளையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது சாமுக்குத்தான் சேரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்குரியதை அவர் எப்போதோ கொடுத்துவிட்டார். இருந்திருந்து சனிக்கிழமைகளில் மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "அம்மா, பசிக்குது" என்று என் மகள் போடுகிற சத்தம் இருக்கிறதே, அதுதான் ஞானதுரை எனக்கு விட்டுவிட்டுப் போனது.