தெருவுக்குப் போன வாசம்

சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் நான் புளூபெர்ரி உலர்த்துகிறேன். நேற்று புதிய மேலாளர் என்னைக் கேட்காமலே சூட்டைக் கூட்டிவிட்டு, மூச்சை இழுத்து முகர்ந்துகொண்டு நின்றார்.

"என்னா வாசம்லா, அக்கா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூடு ஏறினால் முதலில் பறப்பது மணம்தான். அறை மணக்கிறதென்றால் பழத்தில் அது இல்லை என்று அர்த்தம். சூட்டைக் குறைத்தேன்.

சின்ன வயதில், சுங்கை பினாங் வீட்டில் அப்பாவும் இதைத்தான் செய்தார். சீனியில் ஊறிய ஜாதிக்காய்ச் சதைச் சீவலை அம்மா மெல்லிய துணி போட்டு நிதானமாகக் காயவைப்பாள். அப்பா அந்தத் தட்டைப் பிடுங்கி, வாசலில் கரி அடுப்பின் மேல் ஏற்றுவார். தெருவே மணக்கும்.

"அண்ணே, ஒங்க வீட்டு வாசம் பாசார்க் கடைங்க வரைக்கும் வருது!" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்பா வாய் நிறையச் சிரிப்பார். வந்தவருக்கு நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லி உபசரிப்பார். வீட்டுக்குள் கால் வைத்ததும் அந்த முகம் மாறிவிடும். எங்களுக்குக் கிடைத்தது வசவும், மரத்தூள் போன்ற ஜாதிக்காயும்தான்.

"இதுல ஒரு மணமும் இல்லீங்க," என்று அம்மா ஒருநாள் சொன்னாள். தட்டு அவள் நெற்றியில் வந்து விழுந்தது.

போன வாரம் அப்பாவுக்குக் கருமாதி. அதே பக்கத்து வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தங்கமான மனுசன்மா, எங்களுக்கெல்லாம்."

அம்மாவின் நெற்றித் தழும்பைப் பார்த்தேன்.

"ஆமா மாமா. ஒங்களுக்கெல்லாம்," என்றேன்.