நட்சத்திரம் தாண்டும் வரை

கல்யாணப் பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளப் போட்டி போடுவார்கள். சாவு வீடென்றால், "நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் பேசிப் பேசி நான் சம்பாதித்தது அவ்வளவுதான். அப்படிப்பட்டவனிடம்தான் அண்ணன் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்.

அவருக்கு நுரையீரல் இறுகிப்போகிற நோய். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தார். ஒரு நாள் காலையில் பக்கத்துக் கட்டில்காரருக்கு இதயம் நின்றுவிட்டது. திரையை இழுத்துவிட்டு மார்பில் அழுத்தினார்கள். பார்வையை மறைத்த திரையால் சத்தத்தை மறைக்க முடியவில்லை. எல்லாம் ஓய்ந்ததும் அண்ணன் மாஸ்க்கைத் தூக்கினார்.

"டேய், எனக்கு இந்த நெஞ்சுல குத்துறது, குழாய் போடறது எதுவும் வேணாம். டாக்டர் கேட்டா நீ சொல்லிடு. உங்க அண்ணி முகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியாது."

"நான் சொன்னா எவன்ணா நம்புவான்?"

"ஒரு வாட்டியாவது ஒழுங்கா பேசித் தொலையேன்டா."

மறுநாளே டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார். அண்ணி, அண்ணியின் தம்பி, நான்.

"இனி எப்ப வேணா மோசமாகலாம். மெஷின்ல போட்டா மூச்சு ஓடும், நோய் குணமாகாது. குழாய் போடணுமா, இதயம் நின்னா அழுத்தணுமா, இல்ல கஷ்டம் தெரியாம பாத்துக்கிட்டா போதுமா? இப்பவே பேசி முடிவு பண்ணிடுங்க."

அண்ணி தம்பியைப் பார்த்தார். அவர் செல்போனில் பஞ்சாங்கத்தைத் திறந்தே வைத்திருந்தார்.

"அவிட்டம் பொறந்துடுச்சு டாக்டர். ரேவதி முடியற வரைக்கும் எப்படியாவது மெஷின்ல வச்சிருங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. அந்த ஐந்து நட்சத்திரங்களில் உயிர் போனால் அடைப்பு, எங்கள் வழக்கத்தில் வீட்டையே மாதக்கணக்கில் பூட்டிவிட்டு வெளியேற வேண்டும் என்று அண்ணியின் தம்பி விளக்கினார். அங்கேதான் என் நாக்கு நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரியில உயிர் போனா ஆஸ்பத்திரியைத்தானே மச்சான் பூட்டணும்?"

யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் சொன்னதைச் சொன்னேன்.

"இதுலயுமா தம்பி உங்க தமாஷ்?" என்றார் அண்ணி.

"சத்தியமா அண்ணி."

"என்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட சொன்னாராக்கும். அவரும் போயி, அந்த வீட்டையும் பூட்டிட்டு, மேடவாக்கத்துல மருமக கிச்சன்ல போய் ஓரமா நிக்கச் சொல்றீங்களா என்னை?"

சேலையூர் வீடு அண்ணனும் அண்ணியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பியது.

டாக்டர் கேட்டார்: "அவர் முழிப்பாத்தானே இருக்கார்? அவரைக் கேட்டீங்களா?"

எங்கள் குடும்பத்தில் நோயைப் பற்றி எதிர்வீட்டுக்குக்கூடத் தெரியலாம், நோயாளிக்குத் தெரியக்கூடாது.

டாக்டரே வந்து, கட்டிலருகே குனிந்து, பொறுமையாகக் கேட்டார். தப்பித்தேன், இனி அவரே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அண்ணி போர்வையைச் சரிசெய்தபடி, "ஏங்க, அவிட்டங்க" என்றார்.

அண்ணன் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாஸ்க்கை விலக்கி, "போடுங்க டாக்டர்" என்றார்.

"உங்களுக்கு என்ன வேணும் சார்? மத்தவங்களுக்காகச் சொல்லாதீங்க."

"இதான் வேணும்." என் பக்கம் திரும்பவேயில்லை.

அன்று சாயங்காலமே மூச்சு மோசமாகி, குழாய் போட்டார்கள். மயக்கம் லேசாகக் கலையும்போதெல்லாம் அதைப் பிடுங்கப் பார்த்ததால் கைகளைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டினார்கள். நான் உள்ளே போனபோது அங்கிருந்த ஆயா ஒரு கையை அவிழ்த்துவிட்டார்.

"கெட்டியா புடிச்சிக்கினு இரு சார். உருவிட்டார்னா எனக்குத்தான் பேஜாரு."

பிடித்துக்கொண்டேன். அந்தக் கை வாய்ப் பக்கம் எழும்பும்போதெல்லாம் அழுத்திக் கீழே இறக்கினேன். வேண்டாம் என்று என்னிடம் சொன்ன ஆளை நானே அமுக்கிக்கொண்டிருந்தேன்.

ரேவதி முடிந்தது. "இனி எடுத்துடலாம் டாக்டர்" என்றார் அண்ணியின் தம்பி, ஏதோ கல்யாணப் பந்தலைப் பிரிக்கச் சொல்வதுபோல.

"போடாம இருக்கறது வேற, போட்டதை எடுக்கறது வேற சார். வேற டாக்டர்ங்களும் பாத்து ஒத்துக்கணும். உடனே நடக்காது."

அவர்கள் ஒத்துக்கொள்வதற்குள் கிருத்திகை வந்துவிட்டது. அடுத்தது ரோகிணி. இரண்டுமே அடைப்பு.

"இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்க்கா."

அதுவரை அண்ணியை அவருடைய தம்பி உள்ளே அதிகம் விட்டதில்லை. அன்று அண்ணி தானாகவே போய்வந்தார். வெளியே வந்து என் எதிரில் நின்றார்.

"அவர் உங்ககிட்ட நிஜமாவே சொன்னாரா?"

"சொன்னார் அண்ணி."

"கையைக் கட்டியிருக்காங்க தம்பி. வீடு பூட்டினா பூட்டட்டும். எடுத்துடச் சொல்லுங்க."

மூச்சு முட்டாமலிருக்க மருந்து கொடுத்துவிட்டுக் குழாயை எடுத்தார்கள். கட்டை அண்ணியே அவிழ்த்தார். மணிக்கட்டில் துணியின் தடம் பதிந்திருந்தது. தேய்த்துவிட்டுக்கொண்டேயிருந்தார், மறையவில்லை.

அண்ணன் ரோகிணியில்தான் போனார். காரியம் முடிந்ததும் சேலையூர் வீட்டை நான் பூட்டினேன். சாவியை நீட்டினேன். அண்ணி அதை வாங்காமல் ஆட்டோவில் ஏறி, "மேடவாக்கம் போப்பா" என்றார்.