அரை மீசைப் பந்தயம்

எனக்கு ஓட்டு கிடையாது. என் சிநேகிதனுக்கும் கிடையாது. நான் விசாவில் இருந்தவன், அவன் கிரீன் கார்டு வாங்கியவன். ஓட்டுச்சாவடி வாசலில் நின்று இரண்டு பேரும் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நாங்கள், அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ஒரு கட்சிக்கு யார் வேட்பாளர் என்பதற்காக, டெக்சாஸ் ஆலனில் ஒரு கராஜுக்குள் கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டோம். ரத்தம் வந்தது, போலீஸ் வந்தது. இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

அவன் பொள்ளாச்சிப் பக்கம். நான் மேலப்பாளையம். 2001இல் நியூஜெர்சி பிஸ்கட்டவேயில் ஒரே அபார்ட்மென்டில் இருந்தோம். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அந்த மாதம், மளிகைக் கடை பார்க்கிங்கில் இரண்டு தடியன்கள் என்னைக் காரோடு சேர்த்து நெருக்கி ஊரைக் கேட்டார்கள், பேரைக் கேட்டார்கள். பேரைச் சொன்னதும் மூக்கில் ஒரு குத்து. வாய்க்குள் ரத்தம் இறங்கியது. பின்னால் அரிசி மூட்டையோடு வந்த இவன் மூட்டையைப் போட்டுவிட்டு, கார் டிக்கியைத் திறந்து கிரிக்கெட் மட்டையை எடுத்தான். ஒருத்தன் முழங்காலில் வைத்தான் பாருங்கள், மரம் முறிகிற சத்தம். "இன்னொருக்கா தொடுடா, மண்டையப் பொளந்துடுவேன்!" என்று சுத்தத் தமிழில் கத்தினான். அவர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. கூடப் பிறந்தவன்கூட எனக்காக அப்படி மட்டையைத் தூக்கியிருக்க மாட்டான்.

பிறகு இரண்டு பேரும் டெக்சாஸ் வந்தோம். ஒரே கம்பெனி, ஒரே வக்கீல், ஒரே நாளில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பம். அவனுக்குப் பத்து மாதத்தில் வந்துவிட்டது. என்னுடையது 'நேம் செக்' என்ற இடத்தில் நின்றது. என் பேர் மாதிரிப் பேர்களை எல்லாம் ஏதோ கோப்புகளோடு ஒத்துப் பார்ப்பார்களாம். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால் பதில் கிடையாது. மூன்று வருடம் ஓடிவிட்டது. "ஒரு கைகலப்பு, ஒரு அரெஸ்ட், எதுவும் ஆகிடக் கூடாது. ஆச்சுன்னா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று வக்கீல் போனில் சொல்லியிருந்தார். கோபக்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

2008 வந்தது. நான், என் மாதிரியே முஸ்லிம் பேர் ஒன்று நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த புது கறுப்பு செனட்டர் பக்கம்; அவன், முன்னாள் ஜனாதிபதியின் மனைவியான அந்த அம்மா பக்கம். சனிக்கிழமை மத்தியானம் அவன் வீட்டில் பிரியாணி, அதற்கப்புறம் கராஜில் தேர்தல். சுவரில் ஒரு வெள்ளை போர்டு மாட்டி, எந்த மாநிலத்தில் யாருக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று எழுதிவைத்திருந்தான். ஐந்தாறு பேர் கூடுவோம். அயோவா மாநில முடிவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உடைந்தது. நியூ ஹாம்ப்ஷயர் முடிவுக்கு நான் குப்பைத் தொட்டியை உதைத்து என் கட்டைவிரல் நகம் பிய்ந்தது. ஊரில் பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் பந்தயம் கட்டுவது போலவே கட்டியிருந்தோம்: டெக்சாஸில் யாருடைய ஆள் தோற்கிறாரோ, அந்தப் பந்தயக்காரன் அரை மீசையோடு ஒரு வாரம் ஆபீஸ் போக வேண்டும். அவனுடையது சாதாரண மீசை இல்லை, கல்யாணத்தன்றுகூடக் கத்தரி படாத மீசை.

டெக்சாஸ் தேர்தல் ஒரு கூத்து. பகலில் போய் ஓட்டுப் போட வேண்டும். சாவடி மூடிய பிறகு அதே ஆட்கள் மறுபடி அதே பள்ளிக்கூடத்தில் கூடி, நான் இன்னார் பக்கம் என்று கையெழுத்துப் போட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. ஓட்டு நாளுக்கு முந்தைய சனிக்கிழமை இதை வைத்துத்தான் ஆரம்பித்தது.

"ராத்திரி கூட்டத்துக்கு எங்க ஆளுங்கதான் வருவாங்க. உன் அம்மாவுக்கு எவன் வந்து நிப்பான்?" என்றேன்.

"கூட்டம் சேத்தி என்றா பண்றது? நவம்பர்ல ஜெயிக்கோணுமில்ல? நான் கணக்கு சொல்றேன் கேட்டுக்கோ. அந்தப் பேர வெச்சுக்கிட்டு இந்த நாட்டுல எவனும் ஜெயிக்க முடியாது."

"பேர்ல என்னலே இருக்கு?"

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே, போர்டைத் துடைத்துக்கொண்டே, எல்லோர் முன்னாலும் சொன்னான். "பேர்லதாண்டா எல்லாம் இருக்குது. உன்ற கார்டு எதுல நிக்குது? உன்னையவே மூணு வருசமா வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கறான். அவன வெள்ளை மாளிகைக்குள்ள விட்டுருவானா?"

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் பொறுக்கவில்லை.

அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, என் முஷ்டி அவன் மேலுதட்டில் இறங்கியதுதான். அவன் பல் என் விரல் முட்டியைக் கிழித்தது. அவன் என் கழுத்தைப் பிடித்து, சுவரோரம் இருந்த ஃப்ரீசர் கதவில் மோதினான். முழங்காலால் வயிற்றில் ஏற்றினான். மத்தியானம் தின்ற பிரியாணி தொண்டைக்கு வந்தது. "வாய மூடுலே, நாயே!" என்று கத்திக்கொண்டே தள்ளினேன். வேலை மேசையின் இரும்பு முனையில் அவன் முகம் போய் மோதியது. நிமிர்ந்தபோது உதடு இரண்டாகப் பிளந்து, மீசையெல்லாம் ரத்தம், சட்டையெல்லாம் ரத்தம். நான் அப்போதும் நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போர்டைப் பிடுங்கி அவன் முதுகில் அடித்தேன். அது உடைந்த பிறகுதான் மற்றவர்கள் என்னை இழுத்துப் பிடித்தார்கள். அவன் மனைவி, என்னை அண்ணா என்று கூப்பிடுகிற பெண், சமையலறைத் துண்டோடு ஓடி வந்து, "அண்ணா, உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று அலறினாள்.

கராஜ் கதவு முழுசாகத் திறந்திருந்தது. டிரக் கழுவிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டு போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடத்தில் போலீஸ் கார் வந்தது. யா அல்லாஹ்! வேலை போகும், விசா போகும், ஏழு வருடம் போகும். கிழிந்த கையை ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள் விட்டேன். உள்ளே துணி ஈரமாகிக்கொண்டே வந்தது.

அதிகாரி முதலில் அவனிடம் கேட்டார். துண்டை உதட்டில் அழுத்திக்கொண்டு, என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல், ஆங்கிலத்தில் சொன்னான்: "வழுக்கி விழுந்தேன். மேசையில் இடித்தது." அதிகாரி உடைந்த போர்டைப் பார்த்தார். என் கழுத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்தார். பேர் கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் ஒருமுறை தலையைத் தூக்கினார்.

பிறகு வீட்டுக்குள் போகிற கதவுப் பக்கம் திரும்பினார். அவன் மகள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஆறு வயது. கையில் ஜூஸ் டப்பா. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அதிகாரி மண்டியிட்டு, "என்ன நடந்தது, கண்ணு?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அங்கிள்..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மிணி," என்றான் அவன் தமிழில். "அப்பா வழுக்கி உழுந்துட்டேன்னு சொல்லு, சாமி."

"பட் டாடி..."

"சொல்லுன்னு சொன்னேன்!" அந்தப் பிள்ளையிடம் அவன் குரல் உயர்த்தி அதுவரை நான் கேட்டதில்லை.

"டாடி ஃபெல்," என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதிகாரி நம்பவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அடிபட்டவனே விழுந்தேன் என்கிறான், பிள்ளையும் விழுந்தார் என்கிறது; நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

நான் அவனிடம் போய், "மன்னிச்சிருலே" என்றேன்.

"உதடு ஆறீரும்," என்றான். துண்டு வழியாகப் பேசியதால் வார்த்தைகள் குழறின. "நியூஜெர்சில உனக்காக ஒருத்தன் காலை ஒடச்சேன், அதுக்கு நான் வருத்தப்படல. இன்னைக்கு என்ற புள்ளைய போலீஸ்காரன் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல வெச்சுட்டேன். உனக்காக. போயிரு. என்ற வீட்டுப் பக்கம் வராத."

ஆஸ்பத்திரியில் தையல் போடுவதற்காக அவன் மீசையில் ஒரு பக்கத்தை வழித்துவிட்டார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை டெக்சாஸ் ஓட்டுப் போட்டது. பகல் ஓட்டில் அந்த அம்மா முன்னால். ராத்திரிக் கூட்டத்தில் என் ஆள் முன்னால். பந்தயத்தில் யார் தோற்றது என்று யாரிடம் போய்க் கேட்பது? புதன்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்று என் மீசையில் பாதியை நானே வழித்தேன். "உங்களுக்கு கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று என் மனைவி அழுதாள். அந்த முகத்தோடு அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். பெல் அடித்தேன். உள்ளே டிவி சத்தம் கேட்டது. யாரும் திறக்கவில்லை. அந்த முகத்தோடுதான் அந்த வாரம் முழுக்க ஆபீஸ் போனேன்.

அந்தப் பேரை வைத்துக்கொண்டு ஒருத்தர் ஜெயித்தார். 2009இல் என் பேரும் நேம் செக்கைத் தாண்டியது. கார்டு தபாலில் வந்தது. அன்றைக்கே அவனுக்கு போன் பண்ணினேன். கார்டு வந்த கதையை முழுக்கச் சொன்னேன். கடைசியில், "சரி, வா" என்றான்.

ஊரிலிருந்து வந்த அல்வாவை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது மகள். வளர்ந்திருந்தாள், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. ஹாலைப் பார்த்துத் திரும்பி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரித் தெளிவான ஆங்கிலத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்:

"டாடி, உங்களை அடிக்காத அங்கிள் வந்திருக்கிறார்."