ஏற்றச் சொன்னார், ஏற்றினான்

உங்கள் முன்னால் ஒரு பெண் வெறும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கையில் ஒரு கற்பூரக் கட்டி இருக்கிறது. உங்களுக்கு வேலை கொடுக்கிற, ஊரே மதிக்கிற ஒருவர் தீப்பெட்டியை உங்களிடம் நீட்டி "ஏற்று" என்கிறார். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஏற்றுவீர்களா?

மாட்டேன் என்றுதானே சொல்கிறீர்கள்? ஆரணியில் பட்டு நெய்த தருமனைக் கேட்டிருந்தால் அவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். தறிக்குழியில் தேள் விழுந்தால்கூட அட்டையில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விட்டுவிட்டு வருகிற ஆள் அவன். யார் எது கேட்டாலும் முதலில் "சரிங்க" என்பான். கேட்டது என்னவென்று பிறகுதான் யோசிப்பான். தெருவில் அவனுக்குப் பேரே "சரிங்க தருமன்". அவன் மனைவி உண்ணாமலை மட்டும் பொறுக்க மாட்டாள்.

"உன்ன யாராச்சும் கெணத்துல குதின்னு சொன்னா, 'சரிங்க, எந்தக் கெணறுங்க'ன்னு கேப்பய்யா நீ."

அவன் சிரிப்பான். ஆனால் யாராவது உரத்த குரலில் பேசினால் தறி மிதியில் இருக்கும் அவன் கால்கள் தானாக நடுங்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

அந்தத் தெருவில் பெரும்பாலான தறிகளுக்குப் பட்டு கொடுத்தவர் ஜெகநாதன். அவரை அரக்கன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காருவார். காய்ச்சல் என்றால் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துத் தருவார். அம்மன் கோயில் திருவிழா அவர் கைக்காசில்தான் நடந்தது. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் மழை ஊற்றித் தள்ளியது. ஜெகநாதனின் கிடங்குக் கூரை ஒழுகியது. அந்த ஈரத்திலேயே பட்டை எடை போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். பட்டு ஈரத்தைக் குடிக்கும். வெயில் வந்தால் கக்கிவிடும். மாசியில் நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்துக்கொண்டுபோய்த் தராசில் வைத்தபோது எல்லார் வீட்டு எடையும் இறங்கியிருந்தது. குறைந்ததைக் கூலியில் பிடித்தார்கள். எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டு வீடு திரும்பினார்கள், கமலத்தைத் தவிர.

கமலத்தின் புருஷன் நெஞ்சுச் சளியில் படுத்த படுக்கையாகிவிட, அவன் தறியில் இவள் உட்கார்ந்தாள். அதைவிட, பாவு பிணைக்கிற வேலையில் அவளுக்கு ஈடு அந்தத் தெருவில் இல்லை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சேர்த்து, விரல் நுனியில் சாம்பல் தொட்டு முறுக்குகிற வேலை அது. ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை நழுவினாலும் புடவையில் கோடு விழும். அவள் வலது கைதான் அந்த வீட்டின் சோறு, மருந்து எல்லாம்.

அந்தக் கமலம் கிடங்கில் எல்லார் எதிரிலும் சொன்னாள்: "முதலாளி, இனிமே பட்ட காய வெச்சி எடை போட்டுக் குடுங்க. மழத் தண்ணிய எங்க தலையில கட்டாதீங்க."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஜெகநாதனும் சிரித்தார். மறுநாள் காலையில் தெரு முழுக்க ஒரே பேச்சு: கமலம் பட்டைத் திருடி வெளியே விற்றுவிட்டாளாம்.

ஜெகநாதனிடமிருந்து முதலில் வந்த உத்தரவு மிகச் சின்னது. யாரும் அவளைப் பாவு பிணைக்கக் கூப்பிட வேண்டாம், அவ்வளவுதான். தருமனின் பாவு அந்த வாரம் முடிந்தது. அவன் வேறு ஓர் ஆளைக் கூப்பிட்டான். அந்த ஆள் பிணைத்ததில் பாதி நழுவியது.

"நல்லா இருக்குதுய்யா," என்றாள் உண்ணாமலை. "நூலு அறுந்துகினே இருக்குது, நீ சரிங்க சொல்லிகினே இரு."

"நாம மட்டும் இன்னா பண்ண முடியும்? தெருவே அப்டித்தான இருக்குது."

இரண்டாவது உத்தரவு, அவளோடு பேசக் கூடாது. இதற்குள் கூப்பிடாமல் இருந்து பழகிவிட்டதால் பேசாமல் இருப்பது கடினமாக இல்லை. மூன்றாவதை யாரும் உத்தரவாகப் போடவே இல்லை. குழாயடியில் பெண்கள் அவள் குடத்தை வரிசையிலிருந்து தள்ளிக் கடைசியில் வைத்தார்கள். அன்று உண்ணாமலை வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"நானும்தான் தள்னேன்," என்றாள். "எல்லாரும் என்னையே பாத்துகினு இருந்தாங்க."

இப்படித்தான் நடக்கிறது. எடுத்த எடுப்பில் ஒருத்தியின் கையைச் சுடு என்று சொன்னால் எந்த மனிதனும் மிரண்டு ஓடுவான். அதனால் முதலில் வேலைக்குக் கூப்பிடாதே என்பார்கள், அப்புறம் பேசாதே என்பார்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிட ஒரு விரற்கடைதான் கீழே. இறங்கியவனுக்குத் திரும்பிப் பார்க்கும்போதுதான் கிணற்றின் ஆழம் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவில் எல்லாத் தறிகளும் நின்றன. நெசவுத் தெருவில் பிறந்தவர்களுக்குத்தான் அந்த அமைதியின் பயம் தெரியும். சாவு விழுந்தால்தான் அப்படி நிற்கும். அம்மன் கோயில் முன்னால் கமலம் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஜெகநாதனின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். சத்தியம் என்றால் வாயால் அல்ல. உள்ளங்கையில் கற்பூரம் எரிந்து தானாக அணையும்வரை தாங்க வேண்டும். கீழே போட்டால் திருடி.

கற்பூரத்துக்கு நியாயம் தெரியுமா? திருடியவள் கையையும் சுடும், திருடாதவள் கையையும் சுடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இதைக் கூடியிருந்த அத்தனை பேரும் மறந்து நின்றார்கள். அல்லது மறந்ததுபோல் நின்றார்கள்.

ஜெகநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெசவாளர்கள் வரிசையாகத் தரையில். அவர் மெதுவாகக் கேட்டார்:

"ஊரு முன்னால கேக்கறேன். பட்டு எடை தானா எறங்குமா?"

முதல் ஆள் தரையைப் பார்த்துச் சொன்னான்: "எறங்காதுங்க."

அடுத்தவன்: "எறங்காதுங்க."

வரிசை நகர்ந்து வந்தது. பால்குடி மறந்த நாளிலிருந்து பட்டைத் தொட்டு வளர்ந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு தடவி ஈரத்தைச் சொல்லக்கூடியவர்கள், ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். தருமன் தன் வீட்டுப் பட்டு இறங்கியதைக் கண்ணாலேயே பார்த்தவன். ஆனாலும் இத்தனை பேர் சொல்லக் கேட்டபோது, 'நமக்குத்தான் தப்பாகத் தெரிந்ததோ' என்று ஒரு கணம் உண்மையாகவே சந்தேகம் வந்தது. பக்கத்திலிருந்த சடையப்பன், தெருவிலேயே மூத்த நெசவாளி, இருமிவிட்டு "எறங்காதுங்க" என்றார்.

தருமனும் சொன்னான்: "எறங்காதுங்க."

"அப்ப சரி. தருமா, நீ ஏத்து."

"நானுங்களா?"

"நீதான். யாருக்கும் பொல்லாப்பு பண்ணாத ஆளு. உன் கையால நடந்தா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"முதலாளி, வந்து..."

"பாவம் வந்தா என் தல மேல. உனக்கு இன்னா? ஜல்தியா ஏத்து."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் நெஞ்சில் ஒரு நிம்மதி இறங்கியது. இந்தக் கதையில் நான் மிகவும் அஞ்சுவது அந்த நிம்மதியைத்தான். கை அவனுடையது, தீக்குச்சி அவன் விரலில். பொறுப்பு மட்டும் நாற்காலியில் இருக்கிறதாம்!

கமலம் கையை நீட்டினாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது.

"ண்ணா," என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "உன் கை நடுங்குது. சீக்கிரம் ஏத்திட்டுப் போ."

மூன்றாவது குச்சியில் கற்பூரம் பிடித்துக்கொண்டது.

அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளங்கையின் நடுவில் தோல் வெளுத்துச் சுருங்குவதை அவன் ஒரு முழம் தூரத்தில் நின்று பார்த்தான். விரல்கள் மெல்ல உள்ளே மடங்கத் தொடங்கின, நெருப்பை நோக்கி. இழை பிணைக்கிற விரல்கள். கருகும் வாடை வந்தது.

தருமனின் கை போய்க் கற்பூரத்தைத் தட்டிவிட்டது.

"போட்டுட்டா! போட்டுட்டா!" என்று பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"அவ போடல," என்றான் தருமன். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னான்: "நான்தான் தட்னேன்."

"யார்ரா உன்னத் தட்டச் சொன்னது?" முதன்முறையாக ஜெகநாதனின் குரல் உயர்ந்தது.

"யாரும் சொல்லலீங்க."

அவன் வேட்டி நனைந்திருந்தது. பயத்தில் சிறுநீர் போனதை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. "பட்டு எறங்கும் முதலாளி. என் வூட்லயும் எறங்கிச்சி."

ஜெகநாதன் பூசாரியைப் பார்த்து, "இன்னொரு கட்டி எடுத்து வை," என்றார். பூசாரி தட்டோடு ஓர் அடி எடுத்து வைத்தார். கமலம் கொப்புளம் கட்டிய கையை மறுபடி நீட்டினாள். தனியாளின் சொல் அவ்வளவுதான். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் அது புகையோடு கரைந்திருக்கும்.

சடையப்பன் மறுபடி இருமினார். "எனக்கும் எறங்கிச்சி," என்றார் தரையைப் பார்த்தபடியே.

"எங்க வூட்ல எறங்கனத நான் பாத்தேன்," என்றாள் பெண்கள் பக்கமிருந்து உண்ணாமலை.

"மழைல எடை போட்டா எறங்காம இன்னா பண்ணும்?" இது யார் குரல் என்று தெரியவில்லை. அப்புறம் முணுமுணுப்பு, அப்புறம் இரைச்சல். பூசாரி தட்டைக் கீழே இறக்கினார். ஜெகநாதன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தருமன் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு தருமன் வீட்டுக்கும் சடையப்பன் வீட்டுக்கும் பட்டு வரவில்லை. தருமனின் தறி மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் நெய்தான். அவன் வீரனாகிவிடவில்லை. எண்பத்தாறில் அவன் சாகும்வரை உரத்த குரல் கேட்டால் கால் நடுங்கியது. கமலத்தின் உள்ளங்கையில் தழும்பு நின்றது, விரல்கள் பிழைத்தன. அவனுக்குப் பாவு பிணைக்க அவள்தான் வந்தாள். ஏற்றினவனும் இவன்தானே என்று யாராவது குத்தினால், "ஆமா, ஏத்துனாரு," என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

நம்மில் பலருக்கு முதல் ஆளாக எழுகிற துணிச்சல் வராது. எனக்கும் வருமா என்று தெரியாது. ஆனால் சடையப்பனைப்போல இரண்டாவதாக இருமுவதற்கு அவ்வளவு துணிச்சல் தேவையில்லை. கூட்டம் கூடிய பிறகு யோசிக்க நேரம் இருக்காது. ஆகவே இன்றைக்கே, இதை வைத்துவிட்டு எழுந்துபோய், நீங்கள் நம்பும் ஒருவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்: நம் தெருவில், நம் ஆபீசில், ஒருவரை எல்லாரும் சேர்ந்து மிதிக்கும் நாளில், நம் இருவரில் ஒருவர் வாய் திறந்தால் மற்றவர் உடனே எழுந்து நிற்பது என்று.